உங்க ஊரு வரலாற நீங்களே எழுதுறது எப்படி? செட்டிநாட்டுப் பக்கம் உள்ள விவசாய ஊர்க்காரங்களுக்கு

செட்டிநாடுன்னு தேடுனா கானாடுகாத்தான் அரண்மனை வரும், ஆத்தங்குடி டைல்ஸ் வரும், காரைக்குடி சாப்பாடு வரும். அந்தப் பெரிய வீடுகளப் பத்தி புத்தகம் நிறையவே இருக்கு. ஆனா அந்த வீடுகளுக்கு நெல்லு வந்தது எங்கேர்ந்து, அங்க வேலைக்கு வந்தவங்க எந்த ஊர்லேர்ந்து வந்தாங்க? சுத்தி இருக்குற விவசாய ஊருங்கள்லேர்ந்துதான். ஒரு கண்மாய், ஒரு ஊருணி, ஊருக்கு வெளில ஒரு அய்யனார் கோயில், அம்பது அறுவது வீடு, அவ்வளவுதான் ஊரு. இந்த மாதிரி ஊருக்கெல்லாம் எழுதுன வரலாறு கிட்டத்தட்ட கெடையவே கெடையாது. எழுபது எம்பது வயசு ஆளுங்க வாயில இருக்குறதுதான் இருப்பு, அவங்களும் ஒவ்வொருத்தரா போயிட்டே இருக்காங்க. அதனால யாராவது ஒருத்தர் ஒக்காந்து எழுதணும், அது நீங்களா இருந்தா எங்க ஆரம்பிக்கணும்னு சொல்லத்தான் இத எழுதுறேன்.

மொதல்ல ஒண்ணு. ராஜாலேர்ந்து ஆரம்பிக்காதீங்க. எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிக்குறாங்க, பாண்டியர் காலம், அப்புறம் நாயக்கர், அப்புறம் சேதுபதி, சிவகங்கைச் சீமைன்னு ரெண்டு பக்கம் எழுதி முடிக்கிறப்ப ஊரு அதுல எங்கயுமே இருக்காது. நீங்க கண்மாயிலேர்ந்து ஆரம்பிங்க. நம்ம பக்கம் வருஷம் முழுக்க ஓடுற ஆறு கெடையாது, மணிமுத்தாறும் தேனாறும் மழை பேஞ்சா ஓடும் இல்லேன்னா மணலுதான், ஐப்பசி கார்த்திகையில விழுகுற மழைய தேக்கி வச்சு ஒரு போகம் எடுக்குறதுதான் காலங்காலமா நடந்தது. அதனால தண்ணிய யாரு தேக்குனா, யாரு தெறந்து விட்டா, யாரு வயலுக்கு மொதல்ல போச்சு, யாருக்கு கடைசியில போச்சு, இதுக்குள்ளயே ஊரோட மொத்தக் கதையும் இருக்கு.

கண்மாய்க் கரைக்கு தனியாப் போகாதீங்க. ஊர்ல நீர்ப்பாய்ச்சி வேலை, அதாவது மடை தெறந்து வயலுக்கு தண்ணி விடுற வேலை பாத்தவரு யாராச்சும் உசுரோட இருந்தா அவரக் கூட்டிட்டுப் போங்க, இல்லேன்னா அவரு மகன். சில ஊர்ல மடைக்குடும்பன்னு சொல்லுவாங்க. கரையோட ஒரு முனையில தொடங்கி கலிங்கு (கண்மாய் நெறஞ்சா மிச்சத் தண்ணி வழியுற எடம்) வரைக்கும் மெதுவா நடங்க, போன்ல ரெக்கார்டர ஆன் பண்ணி சட்டைப் பையில வச்சுக்குங்க, ஆனா ஆன் பண்றதுக்கு முன்னாடி அவருகிட்ட சொல்லிருங்க. கண்மாய்க்கு தண்ணி கொண்டாற வரத்துக்கால் எந்தத் திசையிலேர்ந்து வருது, மேல எந்தக் கண்மாய் நெறஞ்சா நமக்கு தண்ணி வரும், நம்ம கலிங்கு ஓடுனா கீழ எந்த ஊருக்குப் போகும், எத்தனை மடை, ஒவ்வொரு மடைக்கும் என்ன பேரு, அந்தப் பேரு ஏன் வந்துச்சு, இதெல்லாம் கேளுங்க.

தண்ணி வத்துன பங்குனி சித்திரையில போனீங்கன்னா பழைய குமிழித்தூம்ப, அதாவது கல்லுல செஞ்ச பழைய மடைய, கிட்டத்துல பாக்கலாம். ரெண்டு உசரமான கல்லுத்தூண் உள்வாயில (கண்மாய்க்குள்ள தண்ணி நிக்குற பக்கம்) நிக்கும், அதுக்கு குறுக்க பலகைக் கல்லு, நடுவுல கம்பு எறங்குறதுக்கு ஓட்டை. கீழ கல்லுத்தொட்டி. அந்தத் தொட்டியில தண்ணி போறதுக்கு தனித் துளை, சேறு போறதுக்கு தனித் துளை வச்சிருப்பாங்க. நீரோடித்துளை, சேறோடித்துளைன்னு பேரு. தண்ணி போறப்பவே வண்டலும் கொஞ்சம் கொஞ்சமா வெளியேறுற மாதிரி யோசிச்சு செஞ்ச வேலை அது. அந்தத் தூண்லயும் குறுக்குக் கல்லுலயும் எழுத்து இருக்கான்னு கையால தடவிப் பாருங்க. பல ஊர்ல கல்வெட்டு கோயில்ல இருக்காது, மடையிலதான் இருக்கும், தூம்பு வச்சுக் குடுத்தவரு பேரு அதுல இருக்கும். போட்டோ எடுக்குறதா இருந்தா காலையில இல்ல சாயங்காலம் எடுங்க, வெயில் சாய்வா விழுந்தாத்தான் எழுத்து தெரியும். தயவுசெஞ்சு சுண்ணாம்பு, மாவு, பெயிண்ட் எதையும் எழுத்து மேல பூசாதீங்க.

கலிங்குலயும் நின்னு பேசுங்க. அங்க வரிசையா நட்டு வச்ச கல்லுகளுக்கு நடுவுல பலகையோ மண்ணோ வச்சு அடைச்சா தண்ணி இன்னும் கொஞ்சம் ஏறி நிக்கும், மேல் ஊருக்காரன் நெலம் முழுகும், கீழ் ஊருக்காரனுக்கு தண்ணி வராது. பழைய சண்டை, கோர்ட்டு கேஸு, ரெண்டு ஊரு பேச்சுவார்த்தை இல்லாம இருந்தது எல்லாத்துக்கும் மூலம் பெரும்பாலும் இங்கதான் இருக்கும். குடிமராமத்துன்னு வீட்டுக்கு ஒரு ஆளு வந்து கரை போட்டது எப்ப நின்னுச்சு, வேலிக்கருவ எப்ப உள்வாய்க்குள்ள வந்துச்சு, கரிமூட்டம் போட ஆரம்பிச்சது எப்ப, மொத போர்வெல் யாரு வயல்ல எறக்குனாங்க, இதையும் கேட்டு வைங்க. கண்மாயோட ஆயக்கட்டு (அது பாயுற நெலம்) நூறு ஏக்கருக்கு மேல இருந்தா நீர்வளத்துறை (முன்னாடி பொதுப்பணித்துறை), கீழ இருந்தா பஞ்சாயத்து யூனியன், அதப் பொறுத்து எந்த ஆபீஸ்ல விவரம் கேக்கணும்னு முடிவு பண்ணிக்கலாம்.

அடுத்தது வயலு. ஒவ்வொரு செய்க்கும் (வயல் துண்டுக்கும்) ஒரு பேரு இருக்கும்ல, அந்தப் பேரு முழுக்க எழுதுங்க, ஒண்ணு கூட விடாதீங்க. பூசாரி மானியம், வண்ணான் மானியம், வெட்டியான் மானியம்னு பேரு இருந்தா அந்த வேலை செஞ்சவருக்கு ஊரு நெலம் விட்டுருந்துச்சுன்னு அர்த்தம், இன்னிக்கு அந்த நெலம் யாரு கையில இருக்கு, எப்படி கை மாறுச்சுங்கிறது தனி அத்தியாயம். களத்துக் கணக்கையும் கேளுங்க. அறுத்து அடிச்சு தூத்துன நெல்லு வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி களத்துலயே சுதந்திரம்னு அளந்து குடுப்பாங்க, ஆசாரிக்கு எத்தனை மரக்கா, நாவிதருக்கு எத்தனை, நீர்ப்பாய்ச்சிக்கு எத்தனை, கோயிலுக்கு எத்தனைன்னு. யாருக்கு மொதல்ல அளந்தாங்க, யாரு கடைசி வரைக்கும் துண்ட ஏந்திக்கிட்டு நின்னாங்கன்னு கேட்டா சில பெரியவங்க அப்படியே நடிச்சுக் காட்டுவாங்க. நெல்லு பேருங்களும் முக்கியம், புழுதி விதைப்புல என்ன போட்டாங்க, ஐ.ஆர்.8, ஐ.ஆர்.20 எல்லாம் வந்தப்ப எது காணாமப் போச்சு, புஞ்சையில வரகு, சாமை, குதிரைவாலி எதுவரைக்கும் இருந்துச்சுன்னு.

இப்ப ஆளுங்ககிட்ட பேசுற விஷயம். “ஊரு வரலாறு சொல்லுங்கய்யா”ன்னு கேட்டீங்கன்னா ஒண்ணும் வராது, இல்லேன்னா மருது பாண்டியரு இந்தப் பக்கமாத்தான் போனாகன்னு வரும். சின்னச் சின்னதா கேளுங்க. “ஐயா, நீங்க சின்னப் பிள்ளையா இருந்தப்ப குடிதண்ணி எந்த ஊருணியில எடுத்தாக?” “யாரு எடுக்கக் கூடாது?” “அப்பத்தா, நடவுக்கு என்ன கூலி குடுத்தாக, நெல்லா காசா?” இப்படி. பொம்பளைங்ககிட்ட பேசுறதுக்கு உங்க வீட்டு அத்தையோ அக்காவோ யாரையாச்சும் கூட்டிட்டுப் போங்க, ஆம்பளைங்க பக்கத்துல இருந்தா அவங்க பதில ஆம்பளைங்களே சொல்லிருவாங்க. அதே மாதிரி உங்க ஊர்ல பொறந்து வேற ஊருக்கு வாக்கப்பட்டுப் போனவங்களத் தேடிப் போய் பேசுங்க. ஊர்லயே இருக்குறவங்க மறந்தது அவங்களுக்கு ஞாபகம் இருக்கும், பயமில்லாமலும் பேசுவாங்க.

வருஷம் யாருக்கும் சரியாத் தெரியாது, அத ஒரு கொறையா நெனைக்காதீங்க, பக்கத்துல பெரிய சம்பவம் ஒண்ண வச்சு பிடிக்கணும். ரங்கூன்ல குண்டு விழுந்தது 1941 டிசம்பர். தேவகோட்டை கோர்ட்ட எரிச்சது, திருவாடானை ஜெயில ஒடச்சு சுதந்திரப் போராட்டத் தியாகி சின்ன அண்ணாமலைய வெளில கொண்டாந்தது 1942 ஆகஸ்ட். தனுஷ்கோடி அழிஞ்ச புயல் 1964 டிசம்பர். எமர்ஜென்சி 1975. “அப்ப உனக்கு கல்யாணம் ஆயிருச்சா, மூத்தவன் பொறந்துட்டானா”ன்னு கேட்டா ரெண்டு மூணு வருஷத்துக்குள்ள வந்துரும். தமிழ் வருஷப் பேரு சொன்னா அறுபது வருஷத்துக்கு ஒருக்கா அதே பேரு திரும்ப வரும்கிறத ஞாபகம் வச்சுக்குங்க. சித்திரபானுன்னா 1882, 1942, 2002 மூணும் வரும், சொல்றவரு வயச வச்சு எதுன்னு முடிவு பண்ணணும். தாது வருஷப் பஞ்சம்னு சொன்னா அது 1876ல தொடங்குனது, அது யாரும் கண்ணால பாத்ததா இருக்காது, பாட்டனுக்கு பாட்டன் சொன்னது, அப்படின்னே எழுதுங்க. பழைய கணக்குல பசலின்னு (வரிக் கணக்கு வருஷம்) இருந்தா 590 கூட்டிக்குங்க, பசலி 1380ன்னா 1970 ஜூலையிலேர்ந்து 1971 ஜூன் வரைக்கும்.

பேப்பர் தேடுறதுக்கு முன்னாடி உங்க ஊரு பழைய காலத்துல யாரு கீழ இருந்துச்சுன்னு தெரியணும், செட்டிநாட்டுல இது ரொம்பக் கொழப்பும். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கம்னா பெரும்பாலும் சிவகங்கை ஜமீன். ராங்கியம், கோனாபட்டு, அரிமளம் பக்கம்னா புதுக்கோட்டை சமஸ்தானம், அங்க பிரிட்டிஷ் கலெக்டர் நிர்வாகமே கெடையாது, தொண்டைமான் ராஜ்யம், 1948 மார்ச் 3ந் தேதிதான் இந்தியாவோட சேந்துச்சு. மாவட்டமும் மாறிக்கிட்டே இருந்துருக்கு. சிவகங்கைப் பக்கம் 1910 வரைக்கும் மதுரை ஜில்லா, அப்புறம் ராமநாதபுரம், 1985லதான் தனியா ஆச்சு. புதுக்கோட்டைப் பக்கம் 1948க்கு அப்புறம் திருச்சி, 1974ல தனி மாவட்டம். பழைய கெஜட்டுலயோ பத்திரத்துலயோ உங்க ஊரத் தேடுறப்ப இப்ப உள்ள மாவட்டத்துல தேடுனா கெடைக்காது.

ஜமீன் ஊரா இருந்தா வீட்டு டிரங்குப் பெட்டியத் தொறந்து பாருங்க. 1908ல எஸ்டேட் நிலச் சட்டம்னு ஒண்ணு வந்துச்சு, அதுப்படி ஜமீன் பட்டா குடுக்குறதும் குடியானவங்க முச்சலிக்கா (ஒப்பந்தச் சீட்டு) எழுதிக் குடுக்குறதும் நடந்துச்சு, அந்தக் காகிதம் இன்னும் பல வீட்ல மடிச்சு வச்சது வச்சபடி இருக்கு. வெளைச்சல்ல மேல்வாரப் பங்கு ஜமீனுக்கு, குடிவாரப் பங்கு உழுதவனுக்கு, எவ்வளவு போச்சு எவ்வளவு மிஞ்சுச்சுன்னு அதுல தெரியும். 1948 எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்கு அப்புறம் செட்டில்மென்ட் நடந்துச்சு, அதுல போட்ட ரிஜிஸ்டர்தான் எஸ்.எல்.ஆர்., யாரு பேருக்கு எந்த நெலம் ஏறுச்சு, எது புறம்போக்குன்னு போச்சுங்கிறது அதுல இருக்கும். அதுக்கப்புறம் 1979லேர்ந்து 1987 வரைக்கும் நெலப் பதிவேட்டப் புதுப்பிச்சது யூ.டி.ஆர். இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா யாரு நெலம் யாருகிட்ட போச்சுன்னு புரியும், புரிஞ்சா மனசு கஷ்டப்படும், ஆனா அதுதான் வரலாறு. இப்ப உள்ள அ-பதிவேடும் (ஊரு நெலப் பட்டியல்) புலப்படமும் (வயல் வரைபடம்) ஆன்லைன்லயே பாக்கலாம், பழசுக்கு தாலுகா ஆபீஸ்ல மனு குடுத்து நகல் வாங்கணும்.

1980ல கர்ணம் (ஊருக் கணக்குப்பிள்ளை), கிராம முன்சீப் பதவிய அரசாங்கம் எடுத்துட்டாங்க. அப்ப கணக்குப்பிள்ளை வீட்ல இருந்த நோட்டு எல்லாம் ஒப்படைச்சாங்கன்னு சொல்ல முடியாது, அந்தக் குடும்பத்தப் பணிவாப் போய்க் கேளுங்க. பத்திரங்கள்ல நான்கெல்லை எழுதியிருக்கும்ல, “இன்னார் புஞ்சைக்கு மேற்கு, இன்னார் தோட்டத்துக்கு வடக்கு”ன்னு, அத அவசரமாத் தாண்டிப் போகாதீங்க. ஊர விட்டே போன குடும்பங்களோட பேரு கடைசியா பதிவானது அந்த வரியிலதான். வில்லங்கம் பொதுவா 1975க்கு அப்புறம் உள்ளது ஆன்லைன்ல வரும், அதுக்கு முந்தினத சார்பதிவாளர் ஆபீஸ்ல போட்டுத்தான் பாக்கணும்.

நகரத்தார் (செட்டியாருங்க) வீட்டுக் கணக்க விட்டுறாதீங்க. நம்ம சீமையில இது பெரிய கொடுப்பினை, ஏன்னா அவங்க எதையும் எழுதாம விட மாட்டாங்க. பேரேடு, ஐந்தொகை (வரவு செலவு முடிச்ச கணக்கு), மொய் நோட்டு, இதுலெல்லாம் பக்கத்து விவசாய ஊருக்காரங்க பேரு வரும், யாரு நெல்லு அளந்தாங்க, யாரு கடன் வாங்குனாங்க, எந்த வருஷம் மழை இல்லாம வட்டி கட்ட முடியலைன்னு. உங்க ஊர்லேர்ந்து யாராச்சும் அவங்க கூட பர்மா, மலேயா போனாங்களான்னு கேளுங்க, சமையலுக்கோ எடுபிடிக்கோ கப்பலேறுனவங்க நிறையப் பேரு. செட்டியாரு வீட்டுப் பையன் பெட்டியடிப் பையனாச் சேந்து அடுத்தாளு, மேலாளுன்னு போனது புத்தகத்துல இருக்கு, அதே கப்பல்ல போன குடியானவரு கதை உங்க அப்பத்தா சொன்னாத்தான் உண்டு. 1942ல காடு மலை தாண்டி நடந்தே வந்தவங்க உண்டு, வராமலே போனவங்களும் உண்டு, வராதவங்க பேரையும் எழுதுங்க. கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸு, பழைய துண்டுப் பிரசுரம் கெடைச்சா குப்பைன்னு நெனைக்காதீங்க. கோட்டையூர் ரோஜா முத்தையா இப்படி சேத்து வச்சதுதான் அவரு காலத்துக்கு அப்புறம் சென்னையில ஒரு பெரிய ஆராய்ச்சி நூலகமா நிக்குது.

கோயிலுக்கு வருவோம். உங்க ஊரு சிவன் கோயில்லயோ பக்கத்து ஊரு கோயில்லயோ கல்வெட்டு இருந்தா, பெரும்பாலும் யாராச்சும் முன்னாடியே படி எடுத்துருப்பாங்க. புதுக்கோட்டைப் பக்கம்னா சமஸ்தானமே 1929ல தொகுத்துப் போட்டுருக்கு, சிவகங்கைப் பக்கத்துக்கு தொல்லியல் துறை தொகுதிகள்ல தேடணும். பாண்டியர் கல்வெட்டுல நம்ம பகுதிய கேரளசிங்க வளநாடுன்னு சொல்லும், அந்தப் பேர வச்சுத் தேடுங்க. வருஷம் “யாண்டு 15” அப்படின்னு ராஜா பட்டத்துக்கு வந்த கணக்குல இருக்கும், முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன் 1216ல வந்தாருன்னா பதினஞ்சாவது வருஷம்ங்கிறது 1230 வாக்குல. ஆனா ஒரே பேருல ரெண்டு மூணு பாண்டியரு இருக்காங்க, தெரிஞ்சவங்ககிட்ட காட்டாம முடிவு பண்ணாதீங்க.

எனக்கு இதவிட அய்யனார் கோயில் புரவியெடுப்புதான், மண்குதிரை செஞ்சு எடுத்துட்டுப் போற திருவிழாதான் பெருசாப் படும். குதிரை செய்யுற வேளாருக்கு (குயவருக்கு) பிடிமண் குடுக்குற அன்னிக்கு போய் நின்னு பாருங்க. மண்ண எந்தக் கண்மாயிலேர்ந்து எடுக்குறாங்க, யாரு கையால எடுத்துக் குடுக்குறாங்க, அம்பலகாரருக்கு (ஊருத் தலைவருக்கு) அப்புறம் எந்த வகையறா, யாரு ஓரமா நிக்குறாங்க, குதிரை எந்தத் தெரு வழியாப் போகுது எந்தத் தெருவுக்குப் போகல, எல்லாத்தையும் வரிசையாக் குறிச்சுக்குங்க. ஊரு யாருகிட்டேர்ந்து யாருக்கு வந்துச்சு, யாரு பின்னாடி வந்து குடியேறுனாங்க, எந்த ஊரோட பங்காளி உறவுங்கிறது அந்த வரிசையில இருக்கும்.

இங்கதான் நேர்மை வேணும். பாதி ஊரு வரலாறு நோட்டீஸ்ல சேரிங்கிற வார்த்தையே இருக்காது. கண்மாய் வெட்டுனது, நாத்து நட்டது, ராத்திரி மடையில காவல் கெடந்தது யாருன்னு எல்லாருக்கும் தெரியும், எழுதுறப்ப மட்டும் அவங்க இல்ல. 1930, 31ல ராமநாதபுரம் ஜில்லாவுல ஆதிதிராவிடங்க மேல ஒரு பட்டியலே போட்டு தடை விதிச்சாங்க, நகை போடக் கூடாது, முட்டிக்குக் கீழ வேட்டி கட்டக் கூடாது, சட்டை போடக் கூடாது, கொடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாதுன்னு, மீறுனவங்க குடிசைய எரிச்சாங்க. 1931 சென்சஸ் கமிஷனரா இருந்த ஹட்டன் இத எழுதியே வச்சிருக்காரு. அது நம்ம சீமையில நடந்தது. உங்க ஊர்ல அந்தக் காலம் எப்படி இருந்துச்சுன்னு கேளுங்க, அந்தத் தெருவுக்குப் போய் அவங்க திண்ணையில ஒக்காந்து, அவங்க குடுக்குற தண்ணியக் குடிச்சுட்டுக் கேளுங்க. பேரு போட வேணாம்னு சொன்னா போடாதீங்க, இப்ப நடந்துக்கிட்டு இருக்குற கேஸு விவரமும் வேணாம், யாருக்கும் உங்க எழுத்தால தொந்தரவு வரக் கூடாது. ஆனா நடந்ததையே இல்லேன்னு எழுதாதீங்க.

எழுதுறப்ப ஒவ்வொரு சேதிக்கும் பக்கத்துல அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு போடுங்க, பத்திரமா, கல்வெட்டா, ஒருத்தர் சொன்னதா. ரெண்டு வகையறா ரெண்டு விதமாச் சொன்னா ரெண்டையும் போடுங்க, நீங்க தீர்ப்பு சொல்ல வேணாம். இந்தக் கண்மாய மருது பாண்டியர் வெட்டுனாகன்னு சொன்னா, ஊர்ல அப்படிச் சொல்றாங்கன்னு எழுதுங்க. கல்லோ ஓலையோ கெடைச்சா மட்டும் உறுதியா எழுதுங்க. பேச்ச அப்படியே அவங்க பேசுன மாதிரி விடுங்க, “வந்தாக, போனாக”ன்னு இருக்குறத “வந்தார்கள்”னு திருத்தாதீங்க. ஒரு பெரிய சார்ட்டுல கண்மாய், மடை, செய், தெரு, கோயில் எல்லாத்துக்கும் பேரு போட்டு கையாலயே படம் வரைஞ்சு டீக்கடையில ரெண்டு நாள் ஒட்டி வைங்க, தப்பு இருந்தா வர்றவங்க போறவங்க திருத்திருவாங்க, நீங்க கேக்காத பேரெல்லாம் வந்து சேரும்.

அச்சடிக்கிறதுக்கு முன்னாடி சொன்னவங்களுக்கு ஒரு தடவை சத்தமா வாசிச்சுக் காட்டுங்க, நிறையப் பேருக்கு படிக்கத் தெரியாது. ஆடியோவ போன்ல மட்டும் வைக்காம, ரெண்டு மூணு எடத்துல காப்பி போட்டு, பைல் பேருல ஆளு பேரு, ஊரு, தேதி போட்டு வைங்க. புத்தகமா வந்தா பள்ளிக்கூடத்துக்கு ஒண்ணு, கிளை நூலகத்துக்கு ஒண்ணு, கோயில்ல ஒண்ணு. மேல் கண்மாய் ஊருக்கும் கீழ் கண்மாய் ஊருக்கும் கூட ஆளுக்கு ஒண்ணு குடுத்து அவங்க என்ன சொல்றாங்கன்னு கேளுங்க, கலிங்கு சண்டையில அவங்க பக்கத்து ஞாயத்த அவங்கதான் சொல்லணும், அத அடுத்த பதிப்புல சேத்துருங்க.